பதினைந்தாம் வரி

மனித இனம் அற்றுப்போன பிறகான உலகம் என்று இந்தப் பெண் பதினோராவது தடவையாகச் சொல்கிறாள். எண்ணிக்கொண்டிருக்கிறேன். புறத்தேர்வாளர் என்று ஓர் அட்டையை முன்னால் வைத்து, தண்ணீர் பாட்டிலும் ஒரு தட்டு முந்திரியும் வைத்து, என்னை நடு நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்கள், கேட்பதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லை, கேட்க முடியாமல்தான் எண்ணுகிறேன். ஜெனோவா அவள் பெயர், தூத்துக்குடிப் பெண், ஆறு வருட உழைப்பு, இன்று பொது வாய்மொழித் தேர்வு, பச்சைப் பட்டு கட்டி வந்திருக்கிறாள், அம்மாவும் மாமியாரும் முதல் வரிசையில். ஆளற்ற உலகம், தமிழ்க் கவிதையிலும் புனைகதையிலும், ஓர் ஒப்பாய்வு. மூன்று மாதத்துக்கு முன்னால் இந்த ஆய்வேடு நாகர்கோவிலில் என் வீட்டுக்குத் தபாலில் வந்தபோது முன்னுரையை மேலோட்டமாகப் படித்தேன், முடிவுரையில் கடைசிப் பத்தியைப் பார்த்தேன், நடுவில் இரண்டு இடத்தில் புரட்டினேன், பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். முன்னுரையில் நாற்பத்தொரு கவிஞர்களின் பட்டியல் இருந்தது, பட்டியலை எந்தத் தேர்வாளன் படித்திருக்கிறான், அதில் இருபத்தாறாவது பெயர் சேர்மக்கனி என்பது இன்று காலை பத்தரை மணி வரைக்கும் தாணுமாலயனாகிய எனக்குத் தெரியாது. பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு. ஐந்தாம் இயல் முழுக்க அவன்தான். அவனுடைய ஒரே ஒரு கவிதை. பதினான்கு வரி என்று எழுதியிருக்கிறாள், சரிதான், அச்சில் வந்தது பதினான்குதான்.

பத்தரை மணிக்குத் தெரிந்ததும் ஆய்வேட்டிலிருந்து இல்லை, வாசலில் சேர்மக்கனியின் கூடப்பிறந்த தங்கபுஷ்பம் அக்காவைப் பார்த்துத்தான். காரிலிருந்து இறங்கினால் நெறியாளர் கோமதிநாயகம் கும்பிட்டபடி நிற்கிறார், அவருக்குப் பின்னால் வெள்ளைத் தலையும் தடித்த கண்ணாடியுமாக ஒரு அம்மாள், என்னைப் பார்த்ததும் அந்த முகம் அப்படியே மலர்ந்தது. நல்லாருக்கியளா தம்பி, என்றார். சக்கர கிக்கர எல்லாம் இல்லேல்லா. இந்தப் புள்ள வீட்டுக்கே வந்து கார்ல கூட்டிட்டு வந்துச்சு, நம்ம சேர்மக்கனியப் பத்திப் படிச்சிருக்காம்லா, இத்தன பேரு முன்னால அவன் பேரச் சொல்லுதாவளாம், நீங்க மட்டும் அன்னைக்கி அச்சுல போடலன்னா யாருக்குத் தம்பி அவனத் தெரியும். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். நான் சிரித்தேன். முப்பத்திரண்டு வருடமாக இந்த அம்மாள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் இதையேதான் சொல்கிறார், நானும் சிரிக்கிறேன், பார்க்காமல் இருக்க என்னாலான எல்லாம் செய்தும் கல்யாணம், கருமாதி என்று எங்காவது மாட்டிக்கொள்கிறேன். இப்போது மூன்றாவது வரிசையில் விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கிறார், விசிறிச் சத்தத்தில் ஒன்றும் சரியாகக் கேட்காது போல, ஒரு கையைக் காதுக்குப் பின்னால் குவித்து வைத்திருக்கிறார், ஒரு வார்த்தைகூடத் தவறிவிடக் கூடாது என்று.

புனைகதையை எடுத்துக்கொண்டால், என்கிறாள் ஜெனோவா, உலகம் எத்தனை முறை அழிந்தாலும் ஓர் ஆள் மிஞ்சுகிறான். சரியாகப் பிடித்திருக்கிறாள். திரையில் ஒவ்வொன்றாக வருகிறது: எல்லோரும் போன ஊரில் தினம் காலையில் டீக்கடை பாய்லரைப் பற்றவைத்து இரண்டு டம்ளர் டீ ஆற்றி வைக்கிற ஒருவன், கடல் ஏறி வந்து மூடிய நகரத்தின் பதினெட்டாவது மாடியில் முருங்கை நட்ட ஒருத்தி, மனிதர்கள் விட்டுப்போன இயந்திரங்கள் பொங்கல் வைக்கின்றன, அந்தக் கதையில்கூட ஒரு இயந்திரத்துக்கு அம்மா ஞாபகம் வருகிறது. கதைக்கு ஒரு ஆள் வேண்டும். பசிக்க ஒரு வயிறாவது வேண்டும். நம் ஆட்கள் பிரளயத்தையே அப்படித்தான் ஒப்புக்கொண்டார்கள், எல்லாம் முங்கட்டும், சரி, ஆனால் ஆலிலையில் ஒரு குழந்தையை மிதக்க விடு என்றார்கள், அதுவும் கட்டை விரலைச் சூப்பிக்கொண்டு. பயம்தான், வேறென்ன. தானில்லாத வீட்டை நினைத்துப் பார்க்கிறவன்கூட சன்னல் ஓரமாகத் தான் ஒளிந்து நின்று பார்ப்பதாகத்தான் நினைக்கிறான். நான் எழுதிய வாக்கியம் மாதிரி இருக்கிறதே என்று யோசிக்கிறேன், நான் எழுதிய வாக்கியமேதான், அவள் என் பெயரைச் சொல்லி மேற்கோள் காட்டுகிறாள். சபை என்னைப் பார்த்துத் திரும்புகிறது. பேராசிரியர் ஐயா அவர்கள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றிரண்டிலேயே முன்வைத்த கோட்பாடு, என்கிறாள். கோமதிநாயகம் தலையை ஆட்டுகிறார். நான் ஒரு முந்திரியை எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறேன்.

கோட்பாடாம். முப்பத்து நாலு வயது எனக்கு, நீர்க்கோடு என்று ஒரு சிற்றிதழ் நடத்திக்கொண்டிருந்தேன், முந்நூறு பிரதி, அதில் இருநூறு என் கட்டிலுக்கு அடியில். உலகத்திலேயே யாருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்று நம்பிய வயது. கதையால் முடியாதது கவிதையால் முடியும் என்று எழுதினேன். கவிதைக்கு ஆள் வேண்டாம், பெயர் வேண்டாம், பசி வேண்டாம், நான் என்கிற அந்தச் சனியனைத் துடைத்துவிட்டால் உலகம் தன்பாட்டுக்கு நிற்கும், அதைச் சொல்வதே மனிதருக்குப் பின்னான கவிதை. அடுத்த இதழ் முழுக்க அந்தப் பொருளில்தான், எழுதி அனுப்புங்கள் என்று அறிவிப்புப் போட்டேன். வந்தவை ஏழு, ஆறு குப்பை. ஏழாவது ஒரு நீல இன்லண்டு கடிதத்தில், சேர்மக்கனியின் எறும்புக் கையெழுத்து. அவன் தூத்துக்குடியில் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ஆபரேட்டர். காதில் மாட்டிக்கொண்டு எட்டு மணி நேரம் ஊரையும் ஊரையும் இணைத்துக்கொண்டிருப்பான், கொழும்புக்குப் போன மாப்பிள்ளை, ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றவள், செத்த சேதி, எல்லாம் அவன் காது வழியாகத்தான் போக வேண்டும். ஊரில் யாருக்கு என்ன என்று எனக்குத் தெரியும்டா, எனக்கு என்னன்னு கேக்கத்தான் ஒருத்தனும் லைன்ல வரமாட்டேங்கான் என்பான், சிரித்துக்கொண்டுதான் சொல்வான். அந்த வருடம் எக்ஸ்சேஞ்சைத் தானியங்கி ஆக்கிக்கொண்டிருந்தார்கள். ஆபரேட்டர்களை வெளியே அனுப்பவில்லை, வேறு நாற்காலியில் உட்கார வைத்தார்கள், கோப்புக்கு எண் போடுகிற வேலை. ஆள் இல்லாமலே மணி அடிக்குது, ஆள் இல்லாமலே சேருது, பாக்கவே ஒரு மாதிரி இருக்கு தாணு, என்று ஒருமுறை எழுதியிருந்தான். நல்ல படிமம், கவிதையாக்கு என்று பதில் போட்டேன்.

ஆக்கினான். ஒலிவாங்கியில் தேனீ கூடு கட்டும், உப்பளத்தைத் தேடிக் கடல் நடந்து வரும், மணி அடிக்கும், எடுக்காமலே நின்றும் போகும். ஜெனோவா வாசிக்கிறாள், நன்றாகத்தான் வாசிக்கிறாள், கடல் நடந்து வரும் என்கிற இடத்தில் ஒரு மூச்சு விடுகிறாள், அங்கே விட வேண்டியதுதான். கடல்மட்ட உயர்வை முப்பது ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்த சூழலியல் கவிதை, என்கிறாள். கடல் மட்டமா. அம்மா, அவன் நாற்காலி போனதம்மா. அதைத்தான் எழுதினான். பதினான்கு வரியில் ஒரு மனிதன்கூட இல்லை, நான் என்ற சொல் இல்லை, பார்க்கிற கண்கூட இல்லை, என்கிறாள், இதுவே புனைகதையால் எட்ட முடியாத, கவிதை மட்டுமே எட்டிய இடம், இதுவே இவ்வாய்வின் மையம். மையம். ஆய்வேட்டின் நடுத்தூண். அந்தத் தூணுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று இந்தக் கூடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். இன்லண்டில் பதினைந்து வரி இருந்தது. கடைசி வரி, யாராவது கூப்பிட்டால் இருக்கிறேன். அவ்வளவுதான். யாராவது கூப்பிட்டால் இருக்கிறேன். சிவப்பு மை எடுத்து அதன் மேல் ஒரு கோடு இழுத்தேன், நேர்க்கோடு, எனக்குக் கை நடுங்காது, பிழை திருத்துவதில் நான் கெட்டிக்காரன் என்று பத்திரிகை வட்டாரத்தில் பெயர். ஓரத்தில் எழுதினேன்: எல்லோரும் போனபின் இருக்கிறேன் என்று சொல்வது யார்? தருக்கப் பிழை. எடுத்துவிடவும். உறையில் போட்டுத் திருப்பி அனுப்பினேன். ஒரு வாரத்தில் போஸ்ட் கார்டு வந்தது. நீ சொன்னது சரிதான், எடுத்துவிட்டேன். எனக்கு என்ன ஒரு திருப்தி. ஒரு கவிஞனைச் செதுக்குகிறோம் என்ற திருப்தி. அந்த போஸ்ட் கார்டை இரண்டு நண்பர்களிடம் காட்டினேன்கூட. ஒன்பதாவது நாள் அவன் தன் கையாலேயே தன்னை முடித்துக்கொண்டான்.

இதழ் அச்சில் இருந்தது. நான் போனது மூன்றாம் நாள், அவன் தங்கியிருந்த லாட்ஜ் அறைக்கு, அக்காதான் சாமான்களை எடுக்கத் துணைக்கு வரச் சொன்னார். கொடியில் சட்டை காய்ந்து விறைத்துக் கிடந்தது. சீனி டப்பாவுக்குள் எறும்பு ஒரே வரிசையாகப் போய் வந்துகொண்டிருந்தது, அவசரமே இல்லாமல். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. சுவர்க் காலண்டரில் அவன் கிழிக்காத தேதிகள் அப்படியே இருந்தன, அந்தந்த நாளின் ராசிபலனோடு. ஒன்றும் நிற்கவில்லை, எதுவும் அவனைத் தேடவில்லை. மனிதருக்குப் பின்னான உலகத்தைப் பற்றி அவ்வளவு எழுதியிருந்த நான் அன்றைக்குத்தான் அதைப் பார்த்தேன், பத்துக்குப் பன்னிரண்டு அறையில், அதைப் பார்க்கவும் ஒரு ஆளாக நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அக்கா சட்டையைக் கொடியிலிருந்து எடுத்து மடித்தார். மடித்து முகத்தில் வைத்துக்கொண்டார். நான் மேசையைக் குடைந்தேன், துணைக்கு வந்தவன் மாதிரியா குடைந்தேன், திருடன் மாதிரிக் குடைந்தேன், என் சிவப்புக் கோடு போட்ட இன்லண்டைத் தேடி. தாள்களுக்கு நடுவில் கிடந்தது. மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். ஊர் திரும்புகிற பஸ்ஸில் கிழித்துச் சன்னல் வழியாக விட்டேன், வல்லநாட்டைத் தாண்டி. பிறகு உட்கார்ந்து அஞ்சலிக் குறிப்பு எழுதினேன், தன்னை முற்றிலும் அழித்துக்கொண்ட கவிதையை எழுதியவன் என்று. அந்த வாக்கியத்தை எழுதிய கை இதுதான், இதோ முந்திரித் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்த வாக்கியத்தையும் ஜெனோவா மேற்கோள் காட்டியிருக்கிறாள், பக்கம் இருநூற்று இருபதில், அடிக்குறிப்பு எண் நாற்பத்தேழு.

ஒரு வரியை அடித்ததால் ஒரு மனிதன் சாவானா. சாக மாட்டான். அவனுக்கு ஏற்கெனவே ஆயிரம் இருந்திருக்கும், தூக்கம் இல்லை என்றான், பெண் பார்த்தது தட்டிப்போயிற்று, நாற்காலி போயிற்று. இதை நான் எனக்கு எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் சரியாகத்தான் இருக்கிறது, தருக்கப் பிழையே இல்லை. ஆனாலும் அவன் கூப்பிட்டிருக்கிறான். தந்தி கொடுக்கவில்லை, போன் போடவில்லை, தன் போனையே நம்பாதவன் யாருக்குப் போன் போடுவான், கவிதை கேட்டவனுக்குக் கவிதைக்குள் வைத்து அனுப்பினான். வேறு யார் கையில் கிடைத்திருந்தாலும், எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஒருத்தன் கையில் கிடைத்திருந்தாலும், என்னடா இவன் இப்படி எழுதியிருக்கான் என்று பஸ் ஏறியிருப்பான். நான் படித்தவன், அதனால் பஸ் ஏறவில்லை. இன்றும் வீட்டில் போன் அடித்து நான் போவதற்குள் நின்றுவிட்டால் அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்காது, மனைவி இதை இரத்த அழுத்தம் என்கிறாள். இப்போது சொல்லலாமா. சொன்னால் இந்தப் பெண்ணின் ஆறு வருடத் தூண் ஆடும். சொன்னால் முப்பத்திரண்டு வருடமாக என் கையைப் பிடித்து நன்றி சொல்கிற அம்மாளிடம், அந்தக் கையையே காட்ட வேண்டும். என் பெயர், அதுவும்தான், பொய் எதற்கு, ஓய்வுபெற்றவனுக்கு அது ஒன்றுதானே மிச்சம். சொல்லாமல் போனால் மத்தியானம் சாப்பாடு போடுவார்கள், பொன்னாடை போர்த்துவார்கள், ஐந்தாம் இயல் புத்தகமாகும், அவன் ஆளில்லாத கவிதையை எழுதியவனாகவே பிள்ளைகள் வாயில் நிற்பான், இரண்டாம் தடவையும் நானே அவனை எடுத்துவிட்டவன் ஆவேன். ஜெனோவா நன்றி கூறி முடிக்கிறாள். கைத்தட்டல். அக்காவும் தட்டுகிறார், காதிலிருந்து கையை எடுத்துவிட்டு.

ஐயா, உங்க வினாக்கள், என்கிறார் கோமதிநாயகம். மூன்று கேட்க வேண்டும் என்பது வழக்கம், தயாராகத்தான் கொண்டு வந்திருந்தேன், ஆய்வு எல்லை பற்றி ஒன்று, அணுகுமுறை பற்றி ஒன்று. இரண்டையும் கேட்டேன், கிளிப்பிள்ளை மாதிரிச் சொன்னாள். மூன்றாவதற்கு நான் ஏன் எழுந்து நின்றேன் என்று தெரியவில்லை, தேர்வாளர் எழுந்திருப்பதில்லை. அம்மா, அந்தக் கவிதை பதினான்கு வரி இல்லை, என்றேன். பதினைந்து. கடைசி வரி, யாராவது கூப்பிட்டால் இருக்கிறேன் என்று இருந்தது. இதழாசிரியனாக இருந்த நான்தான் அதை அடித்தேன். அவன் இறப்பதற்குப் பதினைந்து பதினாறு நாள் முன்னால். அது உதவி கேட்ட வரி என்று எனக்குப் புரியவில்லை. கையெழுத்துப் பிரதியையும் நானே கிழித்துவிட்டேன். விசிறி கிறீச்சிட்டது. கோமதிநாயகம் என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார், ஐயா, அருமையான தகவல், கேள்வியா வெச்சிருங்க, குறிப்புல எழுதணும். நான் அவரைப் பார்த்தேன். மனிதர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். சரி என்றேன். கேள்வியாகவே கேட்டேன். அந்த வரி இருந்திருந்தால் உங்கள் முடிவு என்னவாகியிருக்கும்?

அவள் முகம் வெளுத்துவிட்டது. திரும்பித் திரையைப் பார்த்தாள். நல்ல பெண், பொய் சொல்லத் தெரியவில்லை. இருந்திருந்தா நான் இந்தக் கவிதைய எடுத்திருக்கவே மாட்டேன் ஐயா, என்றாள். அந்த வரியோட பாத்தா எல்லாரும் எழுதுற மாதிரிதான இருக்கு. சாதாரணக் கவிதையா போயிருக்கும். சொல்லிவிட்டுத் தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று நெறியாளரைப் பார்த்தாள். தப்பே இல்லை. சாதாரணக் கவிதையாகப் போயிருக்கும், என் இதழோடு என் கட்டிலுக்கு அடியில் செல்லரித்துப் போயிருக்கும், எழுதியவன் அறுபத்து மூன்று வயதில் பென்ஷன் வாங்கிக்கொண்டு, முட்டு வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு, பழைய ஆபரேட்டர் கதைகளைச் சொல்லிப் பேரப்பிள்ளைகளை அறுத்துக்கொண்டு இருந்திருப்பான். கோமதிநாயகம் எழுதிக்கொண்டார், பாடபேதமாக அடிக்குறிப்பில் சேர்த்துக்கொள்ள அறிவுறுத்தப்பட்டது. தாளை என் பக்கம் நகர்த்தினார். புறத்தேர்வாளரின் மூன்று வினாக்களுக்கும் ஆய்வாளர் நிறைவான விடை அளித்தார். கையெழுத்துப் போட்டேன். எல்லோரும் தட்டினார்கள், ஜெனோவாவின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பொன்னாடையைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது அக்கா எழுந்து நாற்காலிகளைப் பிடித்துப் பிடித்து முன்னால் வந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் நின்று என்னைப் பார்த்தார். நீங்க எந்திரிச்சு நின்னு என்னமோ சொன்னியளே தம்பி, பாதிதான் காதுல விழுந்துச்சு, என்றார். அவன் ஒரு வரி எழுதினான்னிய, நீங்க எடுத்துட்டேன்னிய. என்ன வரி அது. மறுபடி சொல்ல வேண்டியிருந்தது, இந்த முறை உரக்க, முகத்தைப் பார்த்து. யாராவது கூப்பிட்டால் இருக்கிறேன், என்றேன். அவர் உதடு அசைந்தது, தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். கோபம் எல்லாம் இல்லை அந்த முகத்தில், கோபமாக இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும். நல்லாத்தான இருக்கு, என்றார். அத ஏன் தம்பி எடுக்கச் சொன்னிய? அக்கா கையைக் காதுக்குப் பின்னால் குவித்துக்கொண்டு காத்திருந்தார்.